நாகமடை விலக்கின் ஐந்தாவது ஆள்

ஞானதுரைக்கு ஒரு சாவு குறைந்தது.

நான்குவழிச் சாலையில், கிளைச் சாலை ஒன்று பிரிகிற நாகமடை விலக்கு என்கிற இடத்தில் மூன்று ஆண்டுகளில் நான்கு பேர் செத்திருந்தார்கள். ஐந்து பேர் செத்திருந்தால்தான் அது ‘விபத்துப் பகுதி’ என்று பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறினால்தான் சாலையைச் சரிசெய்ய உத்தரவு வரும். அந்த வட்டாரத்து விதி அப்படி. விதியை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே என்று போட்டிருப்பார்.

ஞானதுரை நெடுஞ்சாலைப் பொறியாளர். இருபது வருடம் சாலை போட்டு, போட்ட சாலை ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவர். அங்கே அவருக்கு வாய்த்த குரு முனைவர் ஜெரீனா. குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு நாற்பத்தேழு. சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை இல்லை.

விலக்கில் என்ன கோளாறு என்று ஞானதுரை கண்டுபிடித்துவிட்டார். கோளாறு ஜல்லியில் இருந்தது. பக்கத்துக் குவாரியிலேயே எடுத்த கல். லாரி டயர் ஏறி ஏறி அதன் மேல்முகம் கொத்தாத அம்மியைப் போல வழவழவென்று ஆகிவிட்டது. லேசாகத் தூறினால் போதும், பிரேக் போட்ட வண்டி நிற்காமல் சறுக்கிக்கொண்டே போகும். சாலைக்கு அந்தப் பக்கம் நூல் மில். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கிறார்கள். செத்த நான்கு பேரும் அப்படிக் கடந்தவர்கள்தான்.

அதற்கு மருந்தும் அவரிடம் இருந்தது. ஆய்வகத்தில் பத்து மாதம் கல்லின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, தேயாத கல் எது என்று பார்த்து, அதை வைத்து மேல்தளத்துக்கு ஒரு கலவை தயாரித்திருந்தார். பெண்கள் பாதியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க, சாலை நடுவே அகலமாக ஒரு திட்டும் வரைந்துவைத்திருந்தார். எல்லாம் தயார். செத்தவர்கள்தான் போதவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, குருவின் அறைக்குப் போனார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“நாலு இருக்கு. அஞ்சு வேணும். வெள்ளிக்கிழமையோட பட்டியலை முடிக்கிறாங்க. விட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். நான் என்ன செய்யணும்?”

ஜெரீனா வாய் திறப்பதற்குள் ஞானதுரையின் போன் அடித்தது. சாலை ரோந்து வண்டி ஓட்டும் காசிராஜன். அந்தப் பக்கம் விபத்து எது நடந்தாலும் உடனே சொல்லும்படி ஞானதுரை அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

“சார், நாகமடை விலக்குல ஒண்ணு ஆயிருச்சு. லாரி. ரோட்டைக் கடந்த பொம்பள.”

“எத்தனாவது கிலோமீட்டர்?”

“நூத்திப் பன்னெண்டு.”

“கிலோமீட்டர் கல்லுல இருந்து எவ்வளவு தூரம்?”

“அம்பது அடி இருக்கும் சார்.”

“எந்தப் பக்கம்?”

“மில்லுப் பக்கம்.”

ஞானதுரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனை வைத்தார். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. எதிரே இருந்தவருக்குத் தெரிந்தது.

“விலக்கு எல்லைக்குள்ளதான் மேடம்,” என்றார்.

“யாரு சார்?”

“கேக்கல.”

“உசிரோட இருக்காங்களா?”

அதையும் கேட்கவில்லை.

ஜெரீனா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஞானதுரைக்கு இருந்தது. ஜெரீனா மேசை மேல் கிடந்த கார்ச் சாவியை எடுத்தார்.

“வாங்க.”

வழியில் ஞானதுரை காசிராஜனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தார், இரண்டு முறையும் உள்ளே வைத்தார். என்ன பதில் வரும் என்பதைவிட, அந்தப் பதிலைக் கேட்டுத் தன் மனசு என்ன செய்யும் என்றுதான் பயமாக இருந்தது. இருபது வருட உத்தியோகத்தில் அவர் தன்னைக் கண்டு பயந்தது அன்றைக்குத்தான்.

அரசு மருத்துவமனையில் அந்தப் பெண் உயிரோடு இருந்தாள். பெயர் முத்துப்பேச்சி. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

“நடு ரோட்டுல நின்னேன்யா,” என்றாள். “லாரிக்காரன் பிரேக் போட்டான், பாவம், போடாம இல்ல. சக்கரம் நின்னுபோச்சு. லாரி நிக்கல. அப்படியே சறுக்கிக்கிட்டே வருது. ஒரு காலை இழுத்துக்கிட்டேன். இதைத்தான் இழுக்க முடியல.”

ஜெரீனா கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

“இதுக்கு முன்னாடி அந்த இடத்துல எத்தனை தடவை தப்பிச்சிருக்கீங்க?”

முத்துப்பேச்சி மேலே பார்த்து யோசித்தாள். விரலை மடக்கினாள்.

“மூணு. இல்ல, தீபாவளி சமயத்துல ஒண்ணு உண்டு. நாலு.”

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“தப்பிச்சதை யாரு கேக்கா? செத்தாத்தான் நோட்டைத் தூக்கிக்கிட்டு வருவாக.”

ஞானதுரையின் கையில் நோட்டு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

வெளியே வந்ததும் சொன்னார்.

“மேடம், நான் போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மில் வாசலுக்குப் போங்க சார். இப்ப நான் கேட்ட கேள்வியைக் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க.”

“எத்தனை பேர்கிட்ட?”

“எத்தனை பேர் கடக்குறாங்க?”

“முந்நூத்திப் பத்து.”

ஜெரீனா காரில் ஏறிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மில் காவலாளி ஞானதுரையை வாசலில் நிற்கவிடவில்லை. யூனியன் ஆளா என்று கேட்டார். இல்லை என்றதும் அப்படியானால் யார் என்று கேட்டார். சாலை ஆராய்ச்சி என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வாசலை விட்டுவிட்டு ஞானதுரை சாலையோரத்துக்கு வந்தார். கடக்க வரும் பெண்களிடம் கேட்டார். யாரும் நிற்கவில்லை, எல்லாருக்கும் இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடுகிற அவசரம். நிற்காதவர்களிடம் நின்றுகொண்டு என்ன கேட்பது? அவரும் கூடவே கடக்க ஆரம்பித்தார். பாதிச் சாலையில் பெயர் கேட்பார், மீதிச் சாலையில் எத்தனை தடவை என்று கேட்பார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வந்து அடுத்தவரைப் பிடிப்பார். அன்று மத்தியானம் ஷிஃப்ட் மாறி முடியும்போது அவர் அந்தச் சாலையைத் தொண்ணூறு முறை கடந்திருந்தார்.

“இன்சூரன்ஸா சார்?” என்றாள் ஒருத்தி.

“இல்லம்மா.”

“பின்ன எதுக்கு?”

“பட்டியல்ல எழுத.”

“செத்தவுக பட்டியலா?”

“இல்லம்மா. தப்பிச்சவங்க பட்டியல்.”

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு நின்று, பெயரைச் சொல்லி, ஐந்து என்றாள்.

புதன்கிழமை இரண்டு மணி ஷிஃப்டில் தூறல் பிடித்தது. ஞானதுரை நடுச் சாலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். டயர் கீறுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், சக்கரம் சுற்றாத ஒரு லாரி அவரை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருக்கிறது. ஏன் சறுக்குகிறது, எவ்வளவு சறுக்கும் என்று உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. கால் மட்டும் நகரவில்லை. யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். லாரியின் பக்கக் கண்ணாடி அவர் நோட்டைத் தட்டிவிட்டுப் போனது.

இழுத்தவள் ஐம்பது வயதுக்காரி, சண்முகக்கனி. மூச்சு வாங்க நின்று, நோட்டைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

“எழுதிக்கிடுங்க,” என்றாள். “ஒரு தடவை. உங்க பேரு என்ன?”

அவர் எழுதிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகச் சொல்லி மனசு கெஞ்சியது. போகவில்லை. மீதி இருந்தவர்களையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமை மாலை நோட்டை ஜெரீனாவின் மேசையில் வைத்தார். முந்நூற்றுப் பத்துப் பேரில் ஒரு தடவைகூடத் தப்பிக்க நேராதவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஜெரீனா பக்கம் பக்கமாக முழுவதும் படித்தார்.

“நாளைக்கு நானும் வரேன்,” என்றார். “ஆனா நான் பேச மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் வழுக்கல் அளவுகளைப் பார்த்தார், கலவை விவரத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு பெயர்ப் பட்டியலுக்கு வந்து நின்றார்.

“இதெல்லாம் யாரு?”

“அந்த இடத்துல தப்பிச்சவங்க சார். முந்நூத்தி ரெண்டு பேர்.”

“நூத்தி நாப்பத்தாறாவது ஞானதுரைன்னு போட்டிருக்கே?”

“நான்தான் சார். புதன்கிழமை மத்தியானம்.”

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் விதி அவர் கையைக் கட்டியிருந்தது, அந்தக் கட்டு அவருக்குப் பழகியும் போயிருந்தது.

“உங்க கஷ்டம் புரியுது. ஆனா விதியில செத்தவங்களைத்தான் சேர்க்க முடியும். நாலு பேர்தான் இருக்காங்க. அஞ்சாவது ஆள் இல்லையே?”

ஞானதுரை குருவைத் திரும்பிப் பார்த்தார். ஜெரீனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு சார்,” என்றார் ஞானதுரை. “இந்தப் பட்டியல்லதான் இருக்கு.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

“யாருன்னு நீங்க டிக் போட்டுக் குடுங்க. நான் காத்திருக்கேன்.”

தலைமைப் பொறியாளர் பேனாவை வாங்கவில்லை. ஞானதுரை கையை மடக்கவும் இல்லை. அறையில் இருந்த மற்றவர்கள் அவரவர் காகிதத்தைப் பார்த்தார்கள். நேரம் போயிற்று. தோள் வலித்தது. வலிக்கட்டும் என்று நீட்டியபடியே நின்றார்.

கடைசியில் தலைமைப் பொறியாளர் தன் சொந்தப் பேனாவை எடுத்தார். தட்டச்சு செய்த விபத்துப் பகுதிப் பட்டியலின் அடியில் நாகமடை விலக்கு என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஏன் சேர்த்தீங்கன்னு மேலேருந்து கேட்டா என்ன சொல்றது?”

“என்னைக் கூப்பிடுங்க சார். வந்து சொல்றேன்.”

ஐப்பசி மழை பிடிப்பதற்கு நான்கு நாள் முன்பு வேலை முடிந்தது. தேயாத கல்லால் மேல்தளம், நடுவில் அகலமான திட்டு, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. மழை தொடங்கிய மறுநாள் குருவும் சீடரும் மத்தியான ஷிஃப்டுக்கு அங்கே போய் ஆளுக்கொரு குடையோடு நின்றார்கள்.

“ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயம் எழுதுறேன் மேடம்,” என்றார் ஞானதுரை. “ஒரு வரி வர மாட்டேங்குது.”

“எந்த வரி?”

“இதனால என்ன பலன்னு எழுதணும். முன்னாடி நாலு பேர் செத்தாங்கன்னு எழுதிட்டேன். இப்ப எத்தனை பேர் சாகலைன்னு எப்படி எழுதுறது?”

ஜெரீனா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லில் இருந்து பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் போனில் யாரையோ ஏசிக்கொண்டே திட்டிலிருந்து இறங்கினாள். மழை வருவது தெரிகிறதே, கொடியில் கிடக்கிற துணியை எடுக்க வேண்டியதுதானே என்று ஏசினாள். தெற்கேயிருந்து ஒரு லாரி வேகமாக வந்தது. டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். ஞானதுரை தன்னை அறியாமல் கழுத்துக் காலரைப் பிடித்துக்கொண்டார். லாரி வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. அவள் ஏசிக்கொண்டே கடந்து இந்தப் பக்கம் ஏறினாள்.

“அந்தம்மாகிட்டக் கேளுங்க சார்,” என்றார் ஜெரீனா.

ஞானதுரை ஓடிப்போய் அவளை நிறுத்தினார்.

“அம்மா, இப்ப லாரிகிட்ட இருந்து தப்பிச்சீங்களே...”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்தாள். என்னமோ சொன்னாள். துணியைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்தபடி நடந்து போய்விட்டாள்.

ஞானதுரை மெதுவாகத் திரும்பி வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“எந்த லாரின்னு கேக்குறாங்க மேடம்.”

“அதையே எழுதுங்க சார்,” என்றார் ஜெரீனா.