டேங்கின் மேல் வைத்த கை

"பழைய வண்டி வாங்கறப்ப எதைப் பார்க்கோணும், மாஸ்டர்?"

கேட்டவர் பொன்னுச்சாமி. பல்லடத்தில் கோழித் தீவனக் கடை. வயது நாற்பத்தாறு. ஞாயிறு தவறாமல் பைக் பந்தயத் தளத்துக்கு வந்துவிடுவார்.

அவர் மாஸ்டர் என்று கூப்பிட்டது எஸ்தரை. எஸ்தருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் அவரை முந்தியவர் யாரும் இல்லை.

எஸ்தர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்க வண்டியை வித்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

பொன்னுச்சாமிக்குச் சுருக்கென்றது.

அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் சிவப்பாய் ஒரு அறுநூறு சிசி வண்டி நின்றது. ஓசூர்க்காரர் விற்கக் கொண்டுவந்திருந்தார். மதியம் இன்னொரு ஆள் பார்க்க வருகிறாராம். அது கைக்கு வந்தால் அடுத்த மாதப் பந்தயத்தில் பொன்னுச்சாமியும் ஒரு ஆள். தவறினால் இந்த வருஷமும் வேலிக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டியதுதான்.

ஆனால் மாஸ்டர் பேச்சு வெட்டொன்று துண்டு இரண்டு.

பொன்னுச்சாமியின் நானூறு சிசி வண்டியைக் கேட்டு நஸ்ரின் என்று ஒரு பெண் வந்திருந்தாள். உக்கடத்துக்காரி. ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஞாயிறுகளில் இதே தளத்தில் சின்ன வண்டி ஓட்டி ஓட்டிச் சலித்தவள்.

மண்டியிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டாள். பிரேக் பேட், செயின், கிளட்ச், ஒன்றையும் விடவில்லை. பொன்னுச்சாமி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சொன்னதில் ஒரு பொய் கிடையாது.

கை மட்டும் பெட்ரோல் டேங்கின் மேலேயே கிடந்தது, மாட்டைத் தட்டிக்கொடுக்கிறவர் கை மாதிரி.

"விழுந்திருக்குதுங்களாண்ணா?"

"விழாத வண்டி ஏதும்மா? சுத்தமான வண்டி. நம்பி எடு."

நாலு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று நஸ்ரின் ஹெல்மெட்டை மாட்டினாள். தளத்துக்குள் நுழைகிற வாயிலில் வண்டியை உறுமவிட்டு நின்றாள்.

பச்சைக் கொடி எஸ்தர் கையில் இருந்தது. அவர் நடந்து வந்து அதைப் பொன்னுச்சாமி கையில் வைத்தார்.

"நீங்க அனுப்புங்க."

"நானா?"

"உங்க வண்டிதானே."

அந்த டேங்குக்கு அடியில் என்ன இருந்தது என்பது பொன்னுச்சாமி ஒருவருக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்தபோது, ஹேண்டில் வந்து சேருகிற சேஸ் கழுத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல். டிராக்டர் டிரெய்லர் ஒட்டுகிற பட்டறையில் கொடுத்து வெல்டு வைத்தார். மேலே கறுப்புப் பெயின்ட். டேங்கை மாட்டினால் தெரியாது.

அன்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் நீள நேர்ப்பாதை முடிவில் எல்லோருக்கும் முன்னால் அவர் பிரேக் பிடித்துவிடுவார். பொன்னுச்சாமியண்ணன் பிரேக் பிடிக்கிற இடத்திலிருந்து வளைவுக்குள் ஒரு டீக்கடையே போடலாம் என்று வேலியோரம் சிரிப்பார்கள். வண்டி சின்னது, அதுதான் என்பார் அவர். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

நஸ்ரின் அப்படி இல்லை. வளைவுக்கு நூறு மீட்டர் என்று காட்டுகிற பலகையைத் தாண்டித்தான் பிரேக்கைத் தொடுவாள். தொட்டால் ஒரே பிடி. வண்டியின் மொத்தக் கனமும் அந்தக் கழுத்தில் வந்து இறங்கும்.

பொன்னுச்சாமி கொடியைத் தூக்கினார்.

தூக்கியது தூக்கியபடியே நின்றது.

கொட்டகையிலிருந்து ஓசூர்க்காரர் மணி பார்த்தார். எஸ்தர் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்க்கவில்லை.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆட்டுங்கண்ணா."

கொடிக்கம்பு உள்ளங்கையில் வழுக்கியது. எஞ்சின் சத்தம் ஒரு தரம் ஏறி இறங்கியது. இன்னொரு தரம் ஏறியது.

பொன்னுச்சாமி கொடியைக் கீழே போட்டார். இரண்டே எட்டில் வண்டிக்கு முன்னால் போய், கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"ஓட்டாதம்மா. டேங்குக்கு அடியில, சேஸ் கழுத்துல வெல்டு இருக்குது."

நஸ்ரின் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நான் எங்க பிரேக் பிடிப்பேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

இறங்கினாள். வண்டியை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

எஸ்தர் குனிந்து கொடியை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"வாங்க. சிவப்பு வண்டியைப் பார்ப்போம்."

"இது விக்கலையே, மாஸ்டர்."

"வாங்க."

பொன்னுச்சாமிக்குக் காது இரண்டும் எரிந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

ஓசூர்க்காரர் நல்ல பேச்சுக்காரர். டயர் புதுசு என்றார். எஞ்சினை யாரும் பிரித்ததில்லை என்றார். ஓட்டியதெல்லாம் தான் ஒருத்தன்தான் என்றார். பேசிக்கொண்டே பின்சீட்டைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய கை அங்கேயே தங்கிவிட்டது.

"சுத்தமான வண்டிங்க. நம்பி எடுங்க."

பொன்னுச்சாமி தலை நிமிர்ந்தார். டயரைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்க்கவில்லை. மாஸ்டரையும் பார்க்கவில்லை.

"அந்தக் கையைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.