மீன்தொட்டிக்கு இருட்டு வைத்த கதை

ராத்திரி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அப்போதுதான் கண்ணை மூடினேன். பக்கத்து அறையிலிருந்து ‘சர்க்... சர்க்...’ என்று ஒரு சத்தம். யாரோ குழி தோண்டுகிற மாதிரி. பயம் வந்தால் சொல்வதற்கென்று கான்வென்ட்டில் சிஸ்டர் ஒரு ஜெபம் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த நேரத்துக்கு என் வாயில் வந்தது சாப்பாட்டு ஜெபம். அதையே சொல்லிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுப் போய்ப் பார்த்தேன்.

கள்ளன் இல்லை. என் வீட்டுக்காரர் ததேயுவும், அவர் தம்பிமார் இன்னாசியும் கஸ்பாரும் கடல்மீன் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ததேயு கையில் என் அல்வாக் கரண்டி. தொட்டியின் அடியில் கிடக்கிற மணலைக் கிண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. மீன்கள் இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

“என்னங்க இது?”

“மணல்ல பாசி பிடிச்சிருக்குன்னு முதலாளிக்குப் போன் போட்டேன். கிளறிவிடச் சொன்னாரு.”

“அதுக்கு இவ்வளவு நேரமா?”

“நிறுத்தச் சொல்லலையே. அடிபிடிச்சிரும்லா?”

முதலாளி சிங்கராயருக்குத் தூத்துக்குடியில் வண்ணமீன் கடை. கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று தொட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். நாங்கள் இருப்பதும் கடைக்குப் பின்னால் அவர் கொடுத்த வீடுதான். போகும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “நான் வரும்போது மீன் உயிரோட இருக்கணும், மணல் வெள்ளையா இருக்கணும். இல்லைன்னா வேற வேலை, வேற வீடு பார்த்துக்கோ ததேயு.”

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? அண்ணன் தம்பி மூவரும் இதை என்னைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பயமே அதுதான்.

மறுநாள் முதலாளி போனில், தீனி அதிகமானால் பாசி வரும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்றார். இன்னாசி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பித்தான். மத்தியானம் கஸ்பார் வந்து மாற்றிவிட்டான். பொழுது சாயும்போது டப்பா காலி. மணல் முன்னைவிடப் பச்சையாக இருந்தது.

“ரெண்டு நத்தையை விடு, பாசியைத் தின்னுரும்” என்றார் முதலாளி. கஸ்பார் முருங்கை மரத்திலிருந்து இரண்டைப் பிடித்து வந்தான். அவற்றின் முதுகில் நூல் கட்டியிருந்தது.

“நூல் எதுக்குப்பா?” என்றேன்.

“என்ன மதினி இப்படிக் கேக்கிய? மரத்துல வளந்த பிள்ளைங்க. நீச்சல் தெரியாது. முங்கினா தூக்க வேண்டாமா?”

உப்புத் தண்ணீரைத் தொடுமுன் நான் பிடுங்கி வெளியே விட்டேன். நத்தைகள் பிழைத்தன. நூலோடு திரிகின்றன.

கடைசியில் போனில் கத்திக் கத்தி முதலாளிக்கே தொண்டை கட்டிவிட்டது. “மூணு நாள் தொட்டியை இருட்டுல வைங்கலே. பொட்டு வெளிச்சம் உள்ள போகக் கூடாது. நாலாம் நாள் நான் வந்துருவேன்.”

ஜன்னலை அடைத்தார்கள். தொட்டியைக் கோணியால் சுற்றினார்கள். அப்பாடா என்று நான் உலை வைத்தேன். அரிசி வேகவில்லை, அதற்குள் இன்னாசி கத்தினான்.

“அண்ணே, உள்ள இருட்டு இல்ல!”

“எப்படிலே சொல்லுத?”

“கோணியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தேன். பகல் மாதிரி இருக்கு.”

மூவர் முகமும் கறுத்துவிட்டது. என் கல்யாணப் பட்டுச்சேலையைச் சுற்றினார்கள். டார்ச் அடித்தார்கள். வெளிச்சமாகவே இருந்தது. குழந்தையின் போர்வையைச் சுற்றினார்கள். மறுபடி டார்ச். இரண்டு நாள் இப்படியே போனது.

“டார்ச் அடிக்காம பாருங்களேன்” என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

“பாத்தோம் மதினி. ஒண்ணுமே தெரியலை. தெரியாததை இருட்டுன்னு எப்படி நம்புறது?” என்றான் கஸ்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “வெளிச்சத்தை உள்ள கொண்டுபோறதே நீங்கதான்! உங்களை வெளிய நிறுத்திக் கதவைப் பூட்டணும்!”

ததேயுதான் முதலில் தலையாட்டினார். “அவ சொல்லுதது சரி. ஆனா வெளிய பூட்டினா, சாவி நம்ம கையிலதான இருக்கும்? திறந்துருவோம். நம்மளை நம்ப முடியாது.”

“அப்போ உள்ளேருந்துதான் தாழ்ப்பாள் போடணும்” என்றான் இன்னாசி.

“டார்ச்?”

“அது வெளிய இருந்தா நமக்குக் கை அரிக்கும். அதையும் உள்ள அனுப்பிரணும்.”

தாழ்ப்பாளுக்கு ஒரு கை வேண்டுமே என்று கஸ்பார் டார்ச்சோடு உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“லே கஸ்பாரு, உள்ள நல்லா இருட்டா இருக்கா?”

“இருங்கண்ணே, டார்ச் அடிச்சுப் பாத்துச் சொல்லுதேன்.”