மறுபாதி இருக்கும் இடம்

தமயந்தி டீச்சரிடம் கல் பாடம் கேட்க வந்தவர்களில் டீச்சரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். பெயர் வைத்திலிங்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் லோடர் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தது, அவருக்கு அறுபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வார். பிள்ளைகள் அவரைக் கடைசி பெஞ்ச் ஐயா என்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சும் அதுதான், அதுவும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது.

அரியலூர்ப் பக்கத்து மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த மண். தோண்டினால் கல்லாகிப்போன நத்தை வரும், கிளிஞ்சல் வரும், சுறாப் பல் வரும். சுரங்கத்தில் வேலை செய்கிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பொறுக்கிச் சேர்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வைத்திலிங்கம். இன்னொருவர் பம்பு ஆபரேட்டர் அருளானந்து.

அருளானந்து மாசி மாதம் இறந்துபோனார். மார்வலி என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓர் அறை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்கள். வைத்திலிங்கம் சேர்த்த நூற்று நாற்பது கல்லையும் அங்கே வைப்பது, பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க விடுவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை திறப்பு. புதன்கிழமை காலையில் வைத்திலிங்கம் ஒரு சந்தேகத்தோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஒரு கல்லையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சுருண்ட நத்தைக் கல். அவரிடம் இருந்ததிலேயே பெரியது அதுதான்.

சந்தேகம் பெயர்ப்பலகையைப் பற்றியது. ‘வைத்திலிங்கம் சேகரிப்பு, அருளானந்து நினைவாக’ என்று எழுதுவதா, இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதுவதா? ஒரே வரியில் எழுதத்தான் தன் மனசு சொல்கிறது என்றார். ஆனால் கல் எல்லாம் தன்னுடையது. அருளானந்திடம் இருந்தவை வெறும் குழிக் கல். பார்க்கிறவர்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே.

குழிக் கல் என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார். அவருக்குத் தெரியாததல்ல. வைத்திலிங்கம் அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்க விரும்பினார்.

வைத்திலிங்கம் சொன்னார். களிமண் ஓடைகளில் உருண்டை உருண்டையாகக் கல் கிடக்கும். சுத்தியலால் சரியான இடத்தில் தட்டினால் தேங்காய் மாதிரி இரண்டாகப் பிளக்கும். உள்ளே நத்தை இருந்தால் ஒரு பாதியில் அது மேடாக நிற்கும். மறுபாதியில் அதன் குழி மட்டும் இருக்கும். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம். உருண்டையைக் கண்டெடுத்தவர் ஒருவர் என்றால் தட்டுவது மற்றவர். பிளந்த பிறகு எந்தப் பாதி வேண்டும் என்பதைக் கண்டெடுத்தவர் சொல்ல வேண்டும்.

“அவன் கண்டெடுத்தாலும் குழியைத்தான் எடுப்பான், டீச்சர். ‘உனக்கு மேடு, எனக்குக் குழி. சண்டை இல்லாத பாகப் பிரிவினை மச்சான்’னு சிரிப்பான்.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“காலித் தட்டை வச்சுக்கிட்டு எவன் சோறு போடுவான்னு உக்காந்திருக்கியாடான்னு கேப்பேன்.”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அருளானந்தின் கல்லை ஒரு தடவை பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன் என்றார்.

அதற்கு வழியில்லை என்றார் வைத்திலிங்கம். அருளானந்தின் மனைவி பிலோமினா வீட்டில் புதிதாகக் குளியலறை கட்டுகிறார். போன வாரம் மூன்று சாக்குகளைக் காட்டி, வீட்டுக்காரர் பொறுக்கி வைத்த கல் இருக்கிறது, வைத்துக்கொள்ளவா என்ன செய்யட்டும் என்று கேட்டார். வைத்திலிங்கம் ஒரு சாக்கின் வாயைப் பிரித்தார். பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள். ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தைக் கிழித்துப் பார்த்தார். குழி. திருப்பிப் போட்டுவிட்டார்.

“ஒண்ணுக்கும் ஆகாது தங்கச்சி, மேஸ்திரிகிட்ட சொல்லித் தரைக்கு அடியில கொட்டிடுன்னு சொல்லிட்டேன்.”

டீச்சர் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் அப்படியே நின்றது. குடிக்காமல் கீழே வைத்தார். வைத்திலிங்கம் டீச்சரின் அப்படி ஒரு முகத்தை அதுவரை பார்த்ததில்லை. வகுப்பில் ஒரு பையன் டீச்சருடைய பூதக்கண்ணாடியைப் போட்டு உடைத்த அன்றுகூட டீச்சர் முகம் மாறவில்லை.

“கொட்டியாச்சா?”

“தெரியலை, டீச்சர்.”

“போய்ப் பாருங்க, ஐயா. இப்பவே.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்தார்.

பிலோமினா வீட்டின் பின்பக்கம் மேஸ்திரி ஈரச் சாக்கை விரித்து, புதுத் தரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிமெண்ட் வழவழவென்று இருந்தது. முந்தின நாள்தான் போட்டது. இரண்டு சாக்கு அடியில் போயிருந்தது. மூன்றாவது சாக்கு மட்டும், சிமெண்ட் மூட்டைகளை மூடிய தார்ப்பாய் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் பாரமாகக் கிடந்தது.

“நல்ல கெட்டியா நிரம்புச்சுங்க, ஜல்லி வாங்குற வேலை மிச்சம்” என்றார் மேஸ்திரி.

இந்தச் சாக்கை எடுத்துப்போகிறேன் என்று மட்டும் வைத்திலிங்கம் பிலோமினாவிடம் சொன்னார்.

“ஏன் அண்ணே, தேவைப்பட்டுச்சா? நீங்க சொன்ன பிறகுதான் மேஸ்திரிகிட்ட சொன்னேன்.”

“இல்ல தங்கச்சி. சும்மா.”

பிலோமினா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கண்டிப்பாக வருவதாகவும், தன் வீட்டுக்காரர் பெயரைப் பலகையில் போடுவதாகக் கேள்விப்பட்டு ஒரு பாட்டம் அழுததாகவும் சொன்னார்.

சைக்கிள் கேரியரில் சாக்கை வைத்து, மிதிக்காமல், தள்ளிக்கொண்டே வந்தார். சும்மா என்று ஏன் சொன்னோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. என்ன பிசகு நடந்தது என்றும் இன்னும் விளங்கவில்லை. டீச்சர் கீழே வைத்த கிளாஸ் மட்டும் கண்ணில் நின்றது.

டீச்சர் தரையில் பாய் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் ஈரத் துணிக்கு அடியில் களிமண் உருண்டை இருந்தது. சாக்கிலிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நாற்பத்து மூன்று இருந்தன. ஒவ்வொரு குழிக்குள்ளும் மடித்த சீட்டு ஒன்று. அருளானந்தின் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து.

முதல் சீட்டை வைத்திலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். கண்டெடுத்த நாள். ஓடையின் பெயர். கண்டெடுத்தது அருளானந்து, தட்டியது வைத்தி. அதற்குக் கீழே இன்னொரு வரி.

‘மறுபாதி: வைத்தி வீடு, மர அலமாரி, மேல் தட்டு.’

இரண்டாவது சீட்டை எடுத்தார். ‘மறுபாதி: வைத்தி வீடு, டிவி மேலே.’ மூன்றாவது: ‘மறுபாதி: வைத்தி வீடு, கண்ணாடிப் பெட்டி. மகள் கல்யாணத்தின்போது இடம் மாற்றினான்.’

வைத்திலிங்கம் தன் சீட்டுகளை நினைத்துக்கொண்டார். நாள் இருக்கும், இடம் இருக்கும், கண்டெடுத்தது வைத்திலிங்கம் என்று இருக்கும். தட்டியவன் பெயர் ஒன்றிலும் கிடையாது. அருளானந்து கண்டெடுத்ததற்குக்கூட அவர் தன் பெயரையே எழுதியிருந்தார். திருட நினைத்து எழுதியதில்லை. தன் வீட்டில் இருக்கிற கல், தன் பெயர் என்று எழுதினார், அவ்வளவுதான்.

பெரிய நத்தைக் கல்லின் நாளைச் சொல்லச் சொன்னார் டீச்சர். அது அவருக்கு மனப்பாடம். அதே நாள் போட்ட சீட்டு ஏழாவது பொட்டலத்தில் இருந்தது. அதுவும் அருளானந்து கண்டெடுத்ததுதான்.

டீச்சர் அந்தக் குழியின் தூசியை வாயால் ஊதினார். களிமண் ஒட்டாமலிருக்க முகப்பவுடரை லேசாகத் தூவினார். களிமண்ணைப் பிசைந்து உள்ளே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். பிறகு ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்து எடுத்து, வைத்திலிங்கத்தின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வைத்திலிங்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

அவருடைய கல் பளபளத்தது. புளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, வார்னிஷ் அடித்த கல். அந்தப் பளபளப்புக்காகவே ஊரில் பத்துப் பேர் அதைப் பார்க்க வந்திருக்கிறார்கள். களிமண் நத்தைக்குப் பளபளப்பு கிடையாது. ஆனால் அதன் முதுகில் தலைமயிர் பருமனுக்குக் கோடு கோடாக ஓடியது. அவருடைய கல்லில் ஒரு கோடும் இல்லை.

அது மட்டுமல்ல. வெளிச்சுற்றில் ஓர் இடத்தில் கோடுகள் உடைந்து, குழம்பி, பிறகு கோணலாகத் தொடர்ந்தன. டீச்சர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“உயிரோட இருந்தப்ப எதுவோ கடிச்சிருக்கு. ஓடு உடைஞ்சிருக்கு. சாகலை. உடைஞ்ச இடத்துலேருந்து திரும்ப வளர்ந்திருக்கு. இந்த மாதிரி ஒண்ணை நான் படத்துலதான் பார்த்திருக்கேன்.”

வைத்திலிங்கம் தன் கல்லில் அதே இடத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல்லில் ஒரு கோணல் இருக்கிறது, அழகைக் கெடுக்கிறது என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அரம் வைத்து ராவியிருந்தார். பக்கத்தில் அருளானந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ‘மச்சான், அது அப்படியே இருக்கட்டுமே’ என்றான். ‘உன் குழியைப் போய்ப் பாருடா’ என்று இவர் விரட்டினார். அருளானந்து உடனே எழுந்து போய்விட்டான். கோபமாகப் போகிறான் என்று அன்று நினைத்தார். தன் பாதியைப் பேப்பரில் சுற்றி வைக்கப் போயிருப்பான் என்று இப்போது தோன்றியது.

அவர் அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டீச்சர் மற்றக் குழிகளைப் பேப்பரில் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் சீட்டை வைத்து.

வைத்திலிங்கம் கேட்டார்.

“மத்த ரெண்டு சாக்கும், டீச்சர்?”

டீச்சர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

“தரையை உடைச்சா எடுக்கலாமா?”

“சிமெண்ட் குழிக்குள்ளே போய் இறுகியிருக்கும்.”

அதன் பிறகு அவர் பலகையைப் பற்றிக் கேட்கவில்லை. பையிலிருந்து தன் சீட்டுக் கட்டை எடுத்தார். கண்காட்சிக்காகப் பேத்தியிடம் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கியவை, நூற்று நாற்பது. கண்டெடுத்தவர் பெயர் அருளானந்து என்று இருக்க வேண்டியவற்றை, சாக்கில் வந்த சீட்டுகளைப் பார்த்தும் நினைவிலிருந்தும் பிரிக்க ஆரம்பித்தார். தெரிந்ததை அடித்துத் திருத்தினார். தெரியாததில் இருவரும் என்று எழுதினார். தட்டியவர் என்று ஒரு வரி சேர்த்தார். பிறகு நாற்பத்து மூன்று சீட்டில், ஒவ்வொன்றிலும், கடைசி வரியாக ‘மறுபாதி: இதே அறை’ என்று எழுதினார். கையெழுத்து அவருடையது, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. அதற்கே மதியம் தாண்டிவிட்டது.

மறுபாதி குளியலறைத் தரைக்கு அடியில் போன மீதிச் சீட்டுகளின் முன்னால் பேனா நின்றது.

“இதுலயும் அந்த வரி வேணுமா, டீச்சர்?”

“நாற்பத்து மூணுல இருக்கே.”

“பிலோமினா சனிக்கிழமை வருது. ஒவ்வொண்ணா நின்னு படிக்கும். நான் அதுகிட்ட சும்மான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

டீச்சர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

“கிடைக்கலைன்னு எழுதிடட்டுமா?”

“தேடியும் அகப்படாததுக்குத்தான் அப்படி எழுதணும், ஐயா. இது எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே.”