வராதவரின் பானை

தென்காசியிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து செல்பவர்கள் இளைப்பாறுவதற்கென்று சாலையோரத்தில் ஒரு சிறு மடம் இருந்தது. அதனைக் குழல்வாய்மொழி அம்மை நடத்தி வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிராது. பாடம் கேட்க வருகிறவர்களுக்கு அவர் புத்தகம் தருவதில்லை, வேலை தருவார்.

ஆவணி மாதம் பிறந்த மறுநாள் காலையில் இசக்கிராஜா அவர்முன் வந்து அமர்ந்தான். இருபத்தாறு வயது இளைஞன். வீடுவீடாகப் பார்சல் கொண்டு சேர்ப்பது அவன் உத்தியோகம். அது மாலை நான்கு மணிக்குத்தான் தொடங்கும். ஓராண்டாக வியாழக்கிழமைதோறும் மடத்துக்கு வந்து பாத்திரம் துலக்கிவிட்டுச் செல்பவன். அன்று வியாழக்கிழமை அல்ல.

“அம்மா, எதிர்பாராத செலவு வந்தால் மனுஷன் என்ன செய்வான்?” என்று கேட்டான்.

“எந்தச் செலவு?”

அவன் சொல்லத் தொடங்கினான். சென்ற ஆண்டு, சேர்த்து வைத்திருந்த எண்பதாயிரம் ரூபாயோடு, அக்காள் முத்துலட்சுமி கழற்றிக் கொடுத்த சங்கிலியை அடகு வைத்துப் பெற்ற அறுபதாயிரத்தையும் சேர்த்து ஒரு பெரிய பைக் வாங்கினான். ஆறே மாதத்தில் மீட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் செலவு மேல் செலவு வந்து விழுந்தது. பைக்குக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டியிருந்தது. தீபாவளி வந்தது. தை மாதத்தில் நான்கு கல்யாணங்களுக்கு மொய் எழுத வேண்டியிருந்தது. இப்பொழுது அக்காள் மகனுக்கு ஐப்பசியில் காதுகுத்து என்கிறார்கள். தாய்மாமன் என்ற முறையில் கடுக்கன் போட வேண்டும்.

அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையற்காரர் பலவேசம் கத்தியை நிறுத்தினார்.

“ஏலே இசக்கி, அந்தப் பிள்ளை பொறக்கும்போதே காதோடதானல பொறந்துது?”

அம்மை சிரிக்கவில்லை. மேலே சொல்லும்படி கையசைத்தார்.

அடகுக்கடையிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. ஆவணி முடிவதற்குள் வட்டியோடு எழுபத்தோராயிரம் கட்டாவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். அக்காள் அதைத் தன் மாமியார் வீட்டாருக்குத் தெரியாமல் கொடுத்திருந்தாள். பூச்சு கறுத்து ஒரு மாதிரியாகிவிட்ட கவரிங் சங்கிலி ஒன்றைப் பதினான்கு மாதமாகச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நடமாடுகிறாள். காதுகுத்தன்று அத்தனை பேரும் அவளைப் பார்ப்பார்கள்.

கடையத்தில் ஓர் அண்ணாச்சி வாரவட்டிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை வாங்கி இதை அடைக்கலாமா என்பதே அவன் கேட்க வந்த கேள்வி.

அம்மை எழுந்து உள்ளே சென்று ஓர் அரைப்படியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

“பதினைந்து நாள் காலையில் வந்து நீ அரிசி அள. பிறகு சொல்கிறேன்.”

“ஏலத்துக்கு இருபத்தொன்பது நாள்தாம்மா இருக்கு.”

“அப்படியானால் பதினான்கு நாள் மீதி இருக்கிறதே.”

மடத்தில் அரிசி அளப்பதற்கு ஒரு முறை உண்டு. அன்று சாப்பிடப் போகிறவர்களை எண்ணுவதற்கு முன்பாகவே அரைப்படி அரிசியை எடுத்துச் சுவரோரம் இருக்கும் ஒரு கறுத்த மண்பானையில் கொட்டிவிட வேண்டும். அதற்கு வராதவர் பானை என்று பெயர். அதன் பிறகுதான் இருப்பவர்களுக்கு அளப்பது. பந்தியிலும் அப்படியே: முதல் இலை, இன்னும் வராத ஒருவருக்கு. அதன் முன்னால் யாரும் உட்காருவதில்லை. மூட்டையில் அரிசி அடிதட்டிய நாட்களிலும் இம்முறை மாறியதில்லை என்று பலவேசம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆடி அமாவாசைக்கு வந்த கூட்டத்துக்காக அந்தப் பானையைத் திறந்திருந்தார்கள். ஆதலால் இசக்கிராஜா பொறுப்பேற்றபோது அது வெறுமையாக இருந்தது.

அவன் நன்றாகவே அளந்தான். ஒரு மணி அரிசிகூடக் கீழே சிந்தியதில்லை. யார் உள்ளூரில் இல்லை, யாருக்கு விரதம் என்று முன்கூட்டியே விசாரித்து அளவைக் குறைத்தான். பாடம் கேட்பவர்களும் வேலை செய்பவர்களுமாக மடத்தில் தினமும் சாப்பிடும் முப்பது பேருக்கும் சோறு சரியாக இருந்தது, மிச்சம் விழவில்லை. இவனுக்குக் கணக்குத் தெரிகிறது, தன் பர்ஸைத்தான் திறக்கத் தெரியவில்லை என்றார் பலவேசம். மூடத்தான் தெரியவில்லை என்று இசக்கிராஜாவே திருத்தினான்.

பதினான்கு நாட்களில் ஒருவரும் புதிதாக வரவில்லை. பானையில் ஏழு படி அரிசி சேர்ந்துவிட்டது. காலையில் அதைத் திறக்கும்போதெல்லாம் அவனுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. பதினான்காம் நாள் அந்த மகிழ்ச்சி ஒரு யோசனையாக மாறிற்று.

அன்று ஆவணி ஞாயிற்றுக்கிழமை. ஏழு படி அரிசியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனான். அதைக் கொடுத்து வெல்லமும், பாசிப்பருப்பும், முந்திரியும், இரண்டு தேங்காயும் வாங்கி வந்தான். பலவேசத்துக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. இனித் தைப்பூசத்துக்குத்தானே நடைக்காரர்கள் வருவார்கள், அதற்குள் பானை இரண்டு தடவை நிறைந்துவிடும் என்று இவன் சொன்னபோது, நெய்யில் முந்திரி வறுபடும் வாசனையும் சேர்ந்துகொள்ளவே, அவரும் இசைந்துவிட்டார்.

அன்றைய பாயசத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அம்மையும் ஒரு தம்ளர் குடித்தார்.

“நன்றாக இருக்கிறது. பானை எங்கே?”

“கழுவிக் கவிழ்த்து வச்சிருக்கேம்மா.”

அம்மை அடுப்படிக்குள் சென்று பார்த்துவிட்டு வந்தார்.

“நன்றாகவே கழுவியிருக்கிறாய்” என்றார்.

மறுநாள் பதினைந்தாம் நாள். மூட்டையில் அன்றைக்கு மட்டுமே அரிசி இருந்தது. அடுத்த மூட்டை வரும் வண்டி செவ்வாய்க்கிழமைதான். இசக்கிராஜா முறைப்படி அரைப்படியைப் பானையில் கொட்டினான். மீதியை முப்பது பேருக்கு அளந்தான். பன்னிரண்டரை மணிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புகள் கழற்றும் ஓசை கேட்டது. ஒன்றிரண்டல்ல. பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக நாற்பது பேர், ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர்கள், தோள்மூட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கியவர்களாம். சாலையில் நிழலே இல்லையாம்.

அவன் அடுப்படிக்கு ஓடினான். வடித்த சோற்றைப் பார்த்தான். அரைப்படி அரிசி கிடந்த பானையைப் பார்த்தான். பைக் சாவியை எடுத்தான்.

அம்மை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“எங்கே?”

“மளிகைக்கடைக்கும்மா. கடன் சொல்லி ஒரு மூட்டை எடுத்தாரேன். விலையைக் கொஞ்சம் கூடப் போடுவாரு. பரவாயில்ல.”

“கூடப் போட்டதை எதிலிருந்து கொடுப்பாய்?”

“நாளைக்கு வர்ற மூட்டையில கழிச்சுக்கிடலாம்.”

“நாளைக்கு வருகிறவர்கள் பசியில்லாமல் வருவார்களா?”

அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

“சாவியை வை. வாளியை எடு” என்றார் அம்மை.

இருந்த அரைப்படியும் உலையில் விழுந்தது. பலவேசம் தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பூசணிக்காய் அறுத்து வந்தார். குழம்பில் தண்ணீர் ஏறிற்று. மடத்திலிருந்த முப்பது பேரும் தங்கள் பங்கில் பாதிக்கும் குறைவாகவே வாங்கிக்கொண்டார்கள். அம்மையின் இலையில் பூசணிக்காய் மட்டும் இருந்தது. வந்தவர்களுக்குப் பரிமாறும் வேலையை அவர் இசக்கிராஜாவிடமே கொடுத்தார்.

முதல் சுற்று ஒருவாறு முடிந்தது. பிறகு ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்து, சோறு வேண்டும் என்று வாளியைப் பார்த்தார். அடுத்தவரும் பார்த்தார். நாற்பது இலைகளுக்கும் முன்னால் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் நின்றான். காலில் துணி சுற்றியிருந்த ஓர் அம்மாள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உடனே தன் இலையைத் தன் பக்கமாக மடித்து, போதும் தம்பி, வயிறு நிறைந்துவிட்டது என்றாள். அவள் இலையில் ஒட்டியிருந்த பருக்கைகளைக்கூட வழித்து உண்டிருந்தாள் என்பதை அவன் கண்டான்.

அவர்கள் அனைவரும் வாழ்த்திவிட்டே புறப்பட்டார்கள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

அண்டாவைத் துலக்கும்போது பலவேசம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேற்றைய முந்திரியில் தமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டார். இசக்கிராஜா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அந்நேரம் அவன் செல்போன் ஒலித்தது. கடையத்து அண்ணாச்சி. பணம் தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போட எப்பொழுது வருகிறாய் என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

எங்கே போய்ப் புரட்டப் போகிறாய் என்று மறுமுனையில் ஏளனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

“புரட்டல அண்ணாச்சி. விக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அம்மையிடம் அவன் தன் கேள்விக்குப் பதில் கேட்கவில்லை. பதினைந்து நாள் முடிந்ததையும் நினைவூட்டவில்லை. அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பைக்கைத் துடைத்துச் சந்தைக்குக் கொண்டு போனான். முதல் நாள் கேட்ட விலை அவமானமாக இருந்தது. மூன்றாம் நாளும் ஏறக்குறைய அதே அவமானந்தான். ஆயினும் அதற்குள் அவன் பழகிவிட்டிருந்தான். தொண்ணூறாயிரத்துக்குக் கொடுத்தான். வாங்கியவன் அவன் கண்முன்னாலேயே அதை உறுமவிட்டு ஓட்டிச் சென்றான். இசக்கிராஜா திரும்பிப் பார்க்காமல் அடகுக்கடைக்கு நடந்தான். எழுபத்தோராயிரத்தைக் கட்டி, சீட்டைக் கொடுத்து, சங்கிலியை வாங்கினான். பதினையாயிரத்துக்கு ஒரு பழைய மொபெட் கிடைத்தது. மேடு வந்தால் அது இருமும், ஆனால் நின்றுவிடாது.

அக்காள் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தாள். தாளைப் பிரித்துச் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பவள்போல் ஒரு கணம் கையை ஏற்றி இறக்கினாள். பிறகு அவனுக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

“பைக் எங்கல?”

“குடுத்துட்டேங்க்கா.”

அவள் அங்கேயே, ஆட்கள் நடுவில், கவரிங்கைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். சங்கிலியை மாட்டினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்யவில்லை.

“இதுவும் ஓடும்லா” என்றாள், மொபெட்டைக் காட்டி.

மறுநாள் காலை அவன் மடத்துக்குப் போனான். பலவேசம் மொபெட்டைச் சுற்றி வந்து பார்த்து, இதற்குப் புல் போட வேண்டுமா, தண்ணீர் காட்டினால் போதுமா என்று விசாரித்தார். அன்றிரவு அது நடந்து வீடு சேர்ந்தால் தாம் மொட்டையடித்துக்கொள்வதாகவும் சொன்னார். இசக்கிராஜா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தான். அரைப்படியை எடுத்தான். புதிய மூட்டையிலிருந்து முதல் அளவை எடுத்து, ஒரு மணியும் சிந்தாமல் கறுத்த பானையில் கொட்டினான். பிறகே முப்பது பேருக்கு அளந்தான்.

அம்மை இலைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவன் அவர்முன் அமர்ந்து சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்துத் தரையில் வைத்தான். பைக் விற்றதில் எல்லாம் போக நாலாயிரம் நின்றது என்றான். மூவாயிரத்தை நகைக்கடையில் கடுக்கனுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டானாம். மீதியை ஐப்பசிக்குள் இரண்டு சம்பளத்தில் கட்டிவிடுவானாம். தை மாத மொய்க்கு அடுத்த மாதத்திலிருந்து எடுத்து வைக்கப் போகிறான்.

“இந்த ஆயிரத்துக்குத்தாம்மா ஒரு பேரும் இல்ல” என்றான். “செல்போன் கண்ணாடி விரிஞ்சு கெடக்கு. அத மாத்திரட்டுமா? இல்ல, யாருக்காவது எடுத்து வைக்கணுமா?”

அம்மை பணத்தைத் தொடவில்லை. கட்டிலிருந்து ஓர் இலையை உருவி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, அவனிடம் நீட்டினார்.

“இலையைப் போடு.”

அவன் வாங்கிக்கொண்டு போய்ப் பந்தியின் தலைமாட்டில், ஒருவரும் உட்காராத இடத்தில், அதை விரித்தான். விரித்தவன் நிமிராமலே கேட்டான்.

“யாரும்மா வர்றாங்க?”

“தெரியாது” என்றார் அம்மை. “புறப்பட்டுவிட்டார்கள்.”