காகிதப் பட்டறையில் வேலைநிறுத்தம்

"பேருந்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே சல்லடையைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நான் மூன்று ஆண்டாக இங்கே கிடக்கிறேன். எனக்கு ஏன் தரவில்லை, குருவே?"

கேட்டவன் குராமொச்சி. சீடன். வயது அறுபத்திரண்டு.

குரு இஸோகோ தொட்டியில் கூழைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்து நான்கு.

"அவர்கள் பதினொன்றரைக்குப் போய்விடுவார்கள்," என்றாள்.

அவ்வளவுதான் பதில்.

குராமொச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனான்.

*

ஜப்பானில் ஒரு மலை மடிப்பில் இருந்தது அந்தப் பட்டறை. மல்பெரி மரப்பட்டையை வேகவைத்து, அலசி, அடித்துக் கூழாக்கி, கையால் காகிதம் செய்கிற இடம். மூங்கில் சல்லடையைத் தொட்டிக்குள் இறக்கி, கூழை ஏந்தி, இப்படியும் அப்படியும் ஆட்டினால் தண்ணீர் வடிந்துபோகும். ஒரு தாள் மிஞ்சும்.

அந்தச் சல்லடையைத் தொடுகிற உரிமை குருவுக்கு. வாரத்தில் இரண்டு நாள், சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்களுக்கு.

குராமொச்சிக்கு வாய்த்தது ஓடை.

வெந்த பட்டையை ஓடும் தண்ணீரில் பிடித்து, இழை இழையாகப் பிரித்து, ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்குகளை நகத்தால் பொறுக்க வேண்டும். ஒரு வாளிக்கு அரை நாள். பனிக்காலத் தண்ணீர். முதல் கால்மணி நேரம் விரல் வலிக்கும். அதற்குப் பிறகு விரல் இருப்பதே மறந்துபோகும்.

மூன்று குளிர்காலம் அப்படிப் போயிற்று.

அதற்கு முன் நாற்பது ஆண்டு அவன் துறைமுகத்தில் தொழிற்சங்கத்து ஆள். பள்ளிக்கூடம் அவனுக்குக் கற்றுத்தந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் துண்டறிக்கை கற்றுத்தந்தது. படித்தான். பிறகு எழுதினான். பிறகு மேடை ஏறினான்.

அவன் சொல்லைக் கேட்டுக் கடைசி வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களில் பத்தொன்பது பேருக்கு வேலை போயிற்று. அவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி அச்சடித்த துண்டறிக்கைகள் சங்க அலமாரியில் கட்டாகக் கிடந்தன. பல ஆண்டு கழித்து ஒரு நாள் கட்டைப் பிரித்தான். பழுத்த தாள் அப்பளமாக நொறுங்கியது. பத்தொன்பது பெயரும் தூளாகி விரலில் ஒட்டிக்கொண்டன.

கையால் செய்த காகிதம் நூற்றாண்டுகள் தாங்கும் என்று யாரோ சொன்னார்கள். கிளம்பி வந்துவிட்டான்.

"ஒரே ஒரு தாள் போதும். பத்தொன்பது பெயர் எழுத வேண்டும்," என்றான் முதல் நாள்.

"என்னிடம் நல்ல தாள் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், குராமொச்சி சான்," என்றாள் குரு, வயதுக்கு மரியாதையாக ஒரு 'சான்' சேர்த்து.

"அவர்களைத் தெருவில் இறக்கியது என் வாய். தாளை என் கையால்தான் செய்வேன்."

குரு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியை நீட்டினாள்.

எந்த முதலாளிக்கும் குனியாத ஆள் அவன். 'குருவே' என்ற சொல் தொண்டையை விட்டு வெளியே வர ஓர் ஆண்டு பிடித்தது.

*

பேருந்தின் பக்கவாட்டில் 'மரபை வாழ்ந்து பாருங்கள்' என்று பெரிதாக எழுதியிருக்கும்.

காலையில் காகிதம். மதியம் நூடுல்ஸுக்கு மாவு பிசைதல். பிற்பகல் சோயா விழுது ஊறும் பழைய மரப்பீப்பாய்கள். மாலையில் வெந்நீர் ஊற்று.

வாழ்ந்து முடிக்க ஒரு பகல் போதுமாக இருந்தது.

திங்கள்கிழமை மாலை குராமொச்சி குருவின் முன் போய் நின்றான். இரண்டு கையாலும் ஒரு தாளை நீட்டினான்.

"என்ன இது?"

"வேலைநிறுத்த அறிவிப்பு. நாளைக் காலை முதல்."

பொறுக்கிய பட்டையில் செய்த கூழ் அன்றோடு தீர்ந்திருந்தது. மறுநாள் பேருந்து வருகிற நாள். கையிருப்பு காலியாகிற நேரம் பார்த்து நிறுத்துவது அவன் துறைமுகத்தில் கற்ற பாடம்.

குரு நின்றபடியே படித்தாள்.

"ஒரே கோரிக்கைதானா?"

"ஒன்றுதான். சல்லடை."

"எத்தனை பேர் இறங்குகிறீர்கள்?"

"தொழிலாளர்கள் அனைவரும்."

பட்டறையில் தொழிலாளி என்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

"பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட மாட்டீர்களா?" என்று அவனே கேட்டான்.

"மாட்டேன்."

"ஏன்?"

"பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். நாற்பது ஆண்டு பேசிய வாய்."

குரு அறிவிப்பைச் சுவரில் ஒட்டினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"கையெழுத்து நன்றாக இருக்கிறது," என்றாள்.

அதுதான் அவனுக்கு அதிகம் உறுத்தியது.

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குராமொச்சி வாசலில் உட்கார்ந்தான். நெற்றியில் சிவப்புத் துணி. கையில் அட்டை: 'உழைக்கிறவன் கைக்குச் சல்லடை.' கீழே பாதி உருகிய பனி.

குரு ஒரு வைக்கோல் பாயைக் கொண்டுவந்தாள்.

"வேண்டாம். எதிர்த்தரப்பிடமிருந்து எதையும் வாங்குவதில்லை."

குரு பாயை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பத்து நிமிடம் கொள்கையைக் காப்பாற்றினான். ஈரம் எலும்பைத் தொட்டது. பாயை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பேருந்து வந்தது. பதினான்கு பேர் இறங்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள். வழிகாட்டி செகினே ஒரு கையில் சின்னக் கொடியும் மறு கையில் கடிகாரமுமாக முன்னால் வந்தான்.

பச்சை மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள் குராமொச்சியின் முன் நின்றுவிட்டாள்.

"இவர் யார்? அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?"

செகினே அட்டையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"பட்டறையின் மூத்த கைவினைஞர். உங்களை வரவேற்கிறார்."

"வேலைநிறுத்தம் என்று சொல்லுங்கள்," என்றான் குராமொச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு.

செகினே அவன் காதருகே குனிந்தான். "பன்னிரண்டு மணிக்கு மாவு பிசைய வேண்டும், பெரியவரே. வேலைநிறுத்தத்தை விளக்க அட்டவணையில் இடம் இல்லை."

பச்சை மழைக்கோட்டு அம்மாள் பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு விரலை உயர்த்திக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். வரிசை நின்றது.

நாற்பது ஆண்டில் அவன் நடத்திய எந்த மறியலிலும் இத்தனை பேர் இவ்வளவு ஆசையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை.

பிறகு உள்ளே போனார்கள்.

குராமொச்சி காத்திருந்தான். தொட்டியில் இன்று பொறுக்காத பட்டையின் கூழ். தாள் முழுக்கக் கறுப்புத் துணுக்கு அப்பியிருக்கும். இது என்ன அழுக்கு என்று கேட்பார்கள். குரு தலை குனிவாள்.

நினைத்தபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஜெயிக்கப் போகிறவனுக்கு வருகிற வருத்தம்.

உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

சூட்டுப் பலகையில் காய்ந்த தாள்களை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பச்சை மழைக்கோட்டு அம்மாள் நேரே அவனிடம் வந்து தன் தாளை விரித்துக் காட்டினாள். எறும்பு மொய்த்ததுபோல் இருந்தது.

அவள் சொன்னதைச் செகினே சொன்னான்.

"மரமே இதற்குள் இருக்கிறது என்கிறார். போன மாதம் இவர் தோழி இங்கிருந்து கொண்டுபோன தாள் கடையில் வாங்கியதுபோல் ஒரே வெள்ளையாம். இதுதான் அசல், எனக்கு அதிர்ஷ்டம் என்கிறார்."

அம்மாள் அவனுக்குத் தலை வணங்கினாள்.

பதினொன்றரைக்குப் பேருந்து போயிற்று.

*

குரு வாசலுக்கு வந்தாள்.

"மூன்று குளிர்காலம்," என்றான் குராமொச்சி. குரல் இறங்கியிருந்தது. "யாருக்காகப் பொறுக்கினேன்?"

குரு அவனுடைய வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. கோரிக்கை நிறைவேறாமல் தானே எழுந்துபோவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாழ்க்கையில் நான்கு முறை எழுந்துபோயிருக்கிறான்.

வாசலிலிருந்து ஓடை தெரிந்தது. குரு ஒரு கல்லின்மேல் மண்டியிட்டாள். அந்தக் கல் ஆடும். வலப்பக்கத்துக் கல்தான் உறுதி. சொல்ல வாயெடுத்தான். வேலைநிறுத்தத்தில் இருக்கிறவன் வேலையைப் பற்றிப் பேசலாமா? மூடிக்கொண்டான்.

கல் ஆடியது. குருவின் ஒரு கால் முழங்கால்வரை தண்ணீரில் போயிற்று. எழுந்து மறுபடி மண்டியிட்டாள்.

குராமொச்சி சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஒரு மணி நேரம் பொறுத்தான். பிறகு கத்தினான்.

"கருங்காலி வேலை. முதலாளியே கருங்காலி ஆவதை நாற்பது ஆண்டில் நான் பார்த்ததில்லை."

"திட்டுவதென்றால் பக்கத்தில் வந்து திட்டுங்கள், குராமொச்சி சான். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்கிறது."

புதன்கிழமையும் குரு ஓடையில் இருந்தாள். அவன் பாயில் இருந்தான். மதியம் அவள் கொண்டுவந்து வைத்த சூப்பை, அவள் திரும்பிப் போகும்வரை ஆறவிட்டுக் குடித்தான்.

வியாழக்கிழமை உள்ளேயிருந்து பட்டையை அடிக்கும் சத்தம் வந்தது. இரண்டு பேர் அடிக்க வேண்டிய வேலை. முதலில் ஒரே சீராகக் கேட்டது. மதியத்துக்குப் பிறகு ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நேரம் நீண்டது. பிறகு இன்னும் நீண்டது.

குராமொச்சிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நெற்றித் துணியை அவிழ்த்தான். போதும் என்று தோன்றியது. இது தோற்ற கணக்கில் ஐந்தாவது. உலகத்தில் ஒருவருக்கும் வலிக்காத வேலைநிறுத்தம்.

*

வெள்ளிக்கிழமை காலை ஊர்ப் பேருந்துக்குக் கிளம்பினான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறை வாசற்படியில் நின்றான்.

"வேலைநிறுத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். போய்வருகிறேன், குருவே."

"பெற முடியாது."

"ஏன்?"

"நேற்றே ஜெயித்துவிட்டீர்கள்."

"கேலி வேண்டாம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கைதட்டினார்கள்."

குரு இரண்டு கைகளையும் அவன் முன் நீட்டினாள். விரல்கள் வீங்கியிருந்தன. நகக்கண் ஒவ்வொன்றும் வெடித்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"எனக்கு உறைத்தது," என்றாள்.

குராமொச்சி அந்தக் கைகளைப் பார்த்தான். தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குரு சுவரிலிருந்து சல்லடையை எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி அவனிடம் கொடுத்தாள்.

"தொட்டியில் இருப்பது நான் பொறுக்கியது. நான்கு தடவை பார்த்துவிட்டேன். உங்கள் பத்தொன்பது பேருக்குக் குறை வராது."

மூட்டையைக் கீழே வைத்தான்.

முதல் தாள் கிழிந்தது. இரண்டாவது ஒரு பக்கம் தடித்தது. கெட்டுப்போன தாளை ஈரம் காயுமுன் தொட்டிக்குள் கவிழ்த்தால் மறுபடி கூழாகிவிடும். கவிழ்த்தான். மூன்றாவது சுருங்கியது. கவிழ்த்தான். தோளும் இடுப்பும் கெஞ்சின. மூச்சு வாங்கியது. குரு தள்ளி நின்றாள்.

ஏழாவது தடவை சல்லடையைத் தூக்கினான். ஆட்டினான். தண்ணீர் ஒரே சீராக வடிந்தது. தாள் விளிம்பு முதல் விளிம்புவரை மட்டமாகப் படுத்திருந்தது.

"ம்," என்றாள் குரு.

மூன்று ஆண்டில் அவள் அவன் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

குராமொச்சி சல்லடையை ஜன்னல் பக்கம் சாய்த்தான். வெளியே பனியின் வெளிச்சம். இரண்டு பத்தியாக எழுதினால் பத்தொன்பது பெயரும் அடங்கும். ஒருவர் பெயரும் அடுத்தவர் பெயரை இடிக்காது.

நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு தொட்டிக்கு வந்து, சல்லடையைக் கவிழ்க்கப் போனான்.

குரு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்ன செய்கிறீர்கள்?"

"துணுக்கு இருக்கிறது."

"நான் பொறுக்கியது."

"இருக்கிறது, குருவே. மூன்று குளிர்காலம் பொறுக்கிய கண்."

குரு குனிந்தாள். இடப்பக்கமிருந்து பார்த்தாள். வலப்பக்கமிருந்து பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு நனைகிற அளவுக்குத் தாளின்மேல் குனிந்து, வெகு நேரம் பார்த்தாள்.

"எங்கே?" என்றாள்.