முதுகுக்குப் பின்னால் இன்ஜின்

கோயம்புத்தூரில் கணபதி தாண்டி ஒரு பட்டறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் மகுடேஸ்வரி. தெருமுனையில் டீசல் வண்டி திரும்பும்போதே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மற்றபடி பேச்சு கம்மி. கேள்வி கேட்டால், பதில் சொல்வதைவிட ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுப்பது அவருக்குச் சுலபம்.

சீடர் குழந்தைவேலு, கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வெப்ப இயந்திரங்கள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். டீசல் இன்ஜினுக்குள் நடப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவார். டீசல் டாங்க் மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் மனைவி சௌந்தரம் வெகுகாலமாகச் சொல்லிவந்தார். ஒருநாள் குழந்தைவேலு அதை ஒப்புக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார்.

"என்னையச் சேத்துக்குவீங்களா மேஸ்திரி?"

"வெள்ளைச் சட்டையக் கழட்டி மாட்டுங்க சார். அந்தக் காக்கியப் போட்டுக்குங்க," என்றார் மகுடேஸ்வரி. தீட்சை அவ்வளவுதான்.

சீடர் கூடவே ஒரு காரையும் கொண்டுவந்தார். வால்பாறை எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய கார். உருண்டை முதுகு. இன்ஜின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். பெட்ரோல் இன்ஜின் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தில், தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் சின்ன டீசல் இன்ஜின் ஒன்றைச் செய்து வைப்பது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் இதற்குமுன் யாரும் அதைச் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

முதல் இன்ஜின் குலுக்கிய குலுக்கலில் கதவு தானாகத் திறந்துகொண்டது. இரண்டாவது தெருவையே புகையாக்கியது. கொசுமருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் மாநகராட்சியைப் பாராட்டினார். மூன்றாவது ஓடியது. அதற்குள் பதினோரு மாதம் போய்விட்டது.

சௌந்தரம் கொடுத்திருந்த கெடுவோ ஒரு வருடம்.

"பொங்கலுக்குள்ள இந்த வண்டியில என்னையக் கோத்தகிரிக்கு அக்கா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும். மலையில ஒரு எடத்துலயும் நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா, வண்டியக் கேட்டுட்டிருக்கற அந்த ஓட்டல்காரருக்கே குடுத்துப்போடோணும்."

அந்த ஓட்டல்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து காரை அளந்துவிட்டுப் போயிருந்தார். ஓட்டல் வாசலில் நிறுத்தி, பின்மூடியைத் திறந்துவிட்டு, இன்ஜின் இருக்கும் குழியில் மண்ணைக் கொட்டிச் செம்பருத்தி வளர்க்கப் போகிறாராம். அதை நினைத்தாலே குழந்தைவேலுவுக்குத் தன்னையே வாசலில் நிற்கவைத்து வாயில் செடி நட்டது மாதிரி இருந்தது.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் குருவிடம் கேட்டார்.

"மேஸ்திரி, இந்தச் சத்தத்த அடக்க முடியாதுங்களா?"

"டீசலுங்க சார்."

"தெரியுதுங்க. ஆனா உள்ள ஒக்காந்து ஒரு வார்த்த பேச முடியலீங்களே?"

"ஆமாங்க," என்றார் மகுடேஸ்வரி. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

சீடருக்கு இருந்தது. பதினோரு மாத உழைப்பைப் பற்றி மனைவியிடம் சொல்ல அவரிடம் ஏகப்பட்ட விஷயம் சேர்ந்திருந்தது. வீட்டில் வாயைத் திறந்தால் சௌந்தரத்துக்கு அடுப்பில் ஏதாவது ஞாபகம் வந்துவிடும். காருக்குள் எங்கே ஓட முடியும்? மலை ஏறி முடிப்பதற்குள் டீசல் இன்ஜினை ஆதியோடந்தமாக நடத்தி முடித்துவிடலாம் என்று அவர் மனதுக்குள் பாடத்திட்டமே போட்டு வைத்திருந்தார்.

ஆகவே எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மெத்தைக் கடைக்குப் போய் தேங்காய் நார் விரிப்பும் கம்பளித் துண்டுகளும் வாங்கிவந்தார். பின்மூடியின் உட்புறம் முழுவதும் ஒட்டினார். மூடியில் வரிசையாக இருந்த காற்றுச் சந்துகள் வழியாகத்தான் சத்தம் அதிகம் வருகிறது என்று கண்டுபிடித்து, அவற்றையும் ஒன்றுவிடாமல் அடைத்தார். வேலை நேர்த்தியாக இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

மகுடேஸ்வரி வந்ததும் இன்ஜினைப் போட்டுக் காட்டினார்.

"கேளுங்க மேஸ்திரி! தையல் மெஷின் மாதிரி இல்லீங்களா?"

மகுடேஸ்வரி மூடியைப் பார்த்தார். சீடரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நாளைக்கு மலையில ஓட்டிப் பாத்துக்கலாமுங்க," என்றார்.

மறுநாள் காலை, மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மலைப்பாதையில் கார் ஏறியது. சீடர் ஓட்டினார், குரு பக்கத்தில். காருக்குள் அமைதி. குழந்தைவேலுவுக்குப் பழைய வகுப்பறையே திரும்பி வந்துவிட்டது. முதல் வளைவில் காற்று அமுங்குவதைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது வளைவில் டீசல் பீய்ச்சும் நேரத்துக்கு வந்தார். ஐந்தாவது வளைவில் கார் தளர்ந்தது. எண்ணெய் கருகும் வாசனை வந்தது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்து, ஓரத்தில் போய் நின்றேவிட்டது.

குழந்தைவேலு இறங்கிப் பின்மூடியைத் தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் கண்முன் செம்பருத்தி பூத்தது.

"வெப்பம் வெளியேறும் வீதத்தப் பாத்தீங்கன்னா மேஸ்திரி..." என்று ஆரம்பித்தார்.

"சார், துண்டு இருக்குங்களா?"

இருந்தது.

"மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிக்குங்க. இறுக்கமா. அந்த மேல் வளைவு வரைக்கும் வெரசா நடந்துட்டு வாங்க."

குரு சொன்னால் சீடர் செய்ய வேண்டும். கட்டிக்கொண்டு நடந்தார். கேரட் மூட்டை ஏற்றி இறங்கிவந்த வேன் ஒன்று அவர் பக்கத்தில் வேகம் குறைத்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னங்கய்யா, வேண்டுதலுங்களா?"

பதில் சொல்லச் சீடரிடம் காற்று இல்லை.

திரும்பி வந்தபோது முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைகளை முழங்காலில் ஊன்றி, ஊர் கேட்க மூச்சு வாங்கினார்.

மகுடேஸ்வரி சற்றுநேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சத்தம் ஜாஸ்தியா வருதுங்களே சார்," என்றார்.

குழந்தைவேலு நிமிர்ந்து குருவைப் பார்த்தார். பிறகு பின்மூடியைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சூடு ஆறியதும் எழுந்துபோய், ஒட்டிய கம்பளியையும் நாரையும் தன் கையாலேயே பிய்த்துப் போட்டார். மகுடேஸ்வரி இன்ஜினை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். சேதம் ஒன்றும் இல்லை என்று தலையசைத்தார். ஆனால் சீடருக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"மேஸ்திரி, ஓட்டறவன் முன்னால பாத்துட்டுப் போறான். இன்ஜினோ முதுகுக்குப் பின்னால கெடக்குது. அது தவிக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு அம்மா பின் சீட்டுல ஒக்காரட்டுங்க."

"சௌந்தரமா? அவளுக்கு இன்ஜினப் பத்தி என்னங்க தெரியும்?"

மகுடேஸ்வரி கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வி வெளியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சௌந்தரம் முறுக்கு டின்னோடு பின் சீட்டில் ஏறினார். இன்ஜின் அவர் முதுகுக்கு அந்தப் பக்கம்தான். முன்னால் கணவரும் மகுடேஸ்வரியும்.

"ஏனுங்க, நானு பின்னால, நீங்க முன்னால. இன்னைக்கு நீங்க எனக்கு டிரைவரா?" அந்தச் சந்தோஷத்திலேயே அவருக்குப் பாதி கோத்தகிரி வந்துவிட்டது.

இன்ஜின் போட்டதும் சிரிப்பு நின்றது. முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். மலை ஆரம்பித்ததும் குழந்தைவேலு கத்தத் தொடங்கினார்.

"இப்ப உள்ள காத்து பதினெட்டு மடங்கு அமுங்குது!"

"கேக்கலீங்க!"

"பதினெட்டு மடங்கு!"

"என்ன கெழங்கு?"

மகுடேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஏழாவது வளைவில் சௌந்தரம் காதிலிருந்து கையை எடுத்தார். கணவரின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"பேசாம இருங்க! அது என்னமோ கேக்குது."

"எது?"

"பின்னால இருக்கறதுதான். மாவு கெட்டியாப் போச்சுன்னா நம்ம கிரைண்டரு இப்படித்தானுங்க மொனகும். உடனே தண்ணி ஊத்தலீன்னா நின்னுபோயிரும்."

"கியரக் கொறைங்க சார்," என்றார் மகுடேஸ்வரி.

குறைத்தார். முனகல் போய், கணீரென்று சத்தம் திறந்தது. கார் முன்னால் பாய்ந்தது.

"இப்ப நல்லா அரைக்குது," என்றார் சௌந்தரம்.

வீட்டு கிரைண்டர் சத்தத்தை முப்பத்தொரு வருடமாக அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே குழந்தைவேலுவும் கேட்டிருந்தார். கேட்டிருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. காதில் விழுந்திருந்தது.

அதன்பிறகு வண்டியில் பேசியது இரண்டே பேர்: இன்ஜினும் சௌந்தரமும். "இழுக்குதுங்க." "இப்ப விடுங்க." "மெதுவா, மெதுவா." ஓரிடத்தில், யூகலிப்டஸ் கட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்த வழியில்லை. பிரேக்கை மிதித்து வண்டி நின்றால் ஒரு வருடமும் போச்சு. குழந்தைவேலு முதல் கியரில் நடைவேகத்துக்கு வந்தார். பின்னாலிருந்து அந்த முனகல் ஆரம்பிக்கும் சமயம், சௌந்தரம் வாய் திறப்பதற்குள், அவர் கால் தானாக ஆக்சிலரேட்டரில் ஒரு நூல் அழுந்தியது. முனகல் அடங்கியது. மறுபடி முனகியது, மறுபடி அழுத்தினார். லாரி ஒதுங்கி வழிவிட்டபோது கார் நிற்காமல் அதைக் கடந்து போனது.

"அட!" என்றார் சௌந்தரம். "நீங்களே கேட்டீங்களா?"

கேட்டிருந்தார். முப்பத்தொரு வருடம் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த கோடு அவர் முதுகெலும்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வகுப்பிலிருந்தும் வெளியே வந்ததில்லை. தேயிலைச் சரிவு, பனி, பஸ்ஸிலிருந்து கையாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் கண்ணில் பட்டன. எதைப் பற்றியும் அவர் விளக்கம் சொல்லவில்லை.

கோத்தகிரியில் அக்கா வாசலுக்கு ஓடிவந்தார்.

"ரைஸ் மில்லு மலையேறி வருதாட்டம் இருந்துச்சு! நீங்களா?"

"ரைஸ் மில்லேதானுங்க்கா," என்று இறங்கினார் சௌந்தரம். "நாங்க ரெண்டு பேரும் ஓட்டிட்டு வந்தோம். எங்கயும் நிக்கல." கணவர் பக்கம் திரும்பினார். "அந்த ஓட்டல்காரருக்குப் போன் போடுங்க. செடிக்கு வேற தொட்டி பாத்துக்கட்டும்."

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. தனக்கு அக்கா கொண்டுவந்த காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குருவிடம் போனார். மகுடேஸ்வரி பின்மூடியைத் திறந்து, புறங்கையால் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நான் தேறிட்டனுங்களா?"

மகுடேஸ்வரி மூடியைச் சாத்தினார்.

"மலை எறங்கறப்ப அது வேற மாதிரி பேசுமுங்க சார். கேட்டுட்டே போங்க."

அது ஏன் அப்படி என்பது குழந்தைவேலுவுக்குத் தெரியும். மூன்று வகுப்பு எடுக்கலாம். வாயைத் திறந்தார்.

பிறகு, அதே வாயால் காபியைக் குடித்தார்.