பல்லக்கில் இருந்தவன் கூப்பிட்ட பெயர்

முன்னொரு காலத்தில், நெல் விளைவித்தவன் கஞ்சி குடிக்க, நிழலில் கிடந்தவன் சோறு தின்ற காலத்தில், செங்காட்டு நாட்டை வயிரமேகன் என்றொரு தலைவன் ஆண்டுவந்தான். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த நாட்டில் எல்லாருக்கும் மேலே தலைவன். அவனுக்குக் கீழே அவன் புகழ் பாடுகிறவர்கள். அவர்களுக்குக் கீழே கோல் பிடித்து மிரட்டுகிறவர்கள். எல்லாருக்கும் கீழே, எல்லாரையும் தூக்கிக்கொண்டு, உழுகிறவர்கள். உழுகிற வீடு ஒவ்வொன்றும் தலைவனுக்குக் கூலியில்லாமல் உழைக்க ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும். அதற்கு வெட்டி என்று பெயர்.

வயிரமேகனின் பாதம் மண்ணில் படக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். நாலு பேர் அவனைப் பல்லக்கில் சுமந்தார்கள். நாலு பேருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் உண்டு. தலைவன் அவற்றைக் கேட்டதில்லை. தோள் கொடுக்கும் இடத்தைச் சொல்லியே கூப்பிடுவான்: முன்வலம், முன்இடம், பின்வலம், பின்இடம். ஒருவன் செத்துப் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வருவான். ஆள் மாறியதுகூட அந்த மகானுபாவனுக்குத் தெரியாது.

பின்இடத்தில் சுமந்தவன் குன்றன். ஒருநாள் விடியலில் அவன் மகள் எயினியைப் பாம்பு கடித்துவிட்டது. வைத்தியர் இருந்ததோ ஒரு காதத்துக்கு அப்பால். குன்றனின் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். கைகால் உள்ள ஊரார் எல்லாரும் தலைவனின் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை வேய ஆற்றங்கரையில் நாணல் அறுக்கப் போயிருந்தார்கள். குழந்தையைத் தூக்கிப் போகத் தகப்பனை விட்டால் ஆள் இல்லை. உத்தரவில்லாமல் பல்லக்கை விட்டுப் போனாலோ வீட்டுக்கே தீ வைப்பார்கள்.

குன்றன் தலைவனின் வாசலில் வாய் பொத்தி நின்றான்.

"சாமி, எம் மகளைப் பாம்பு கடிச்சிருச்சு. வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போகணும். உத்தரவு குடுங்க."

"அக்கரைக் கோவிலில் எனக்கு மரியாதை காத்திருக்கிறது. அது முடியட்டும், பின்இடமே," என்றான் தலைவன்.

தூக்கினார்கள். ஆற்றைக் கடந்தார்கள். கோவிலில் தலைவனுக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். வெளியே வந்தவனிடம் குன்றன் மறுபடியும் கெஞ்சினான்.

"சாமி, நான் கிளம்பும்போதே குழந்தைக்குக் கால் வீங்கிருச்சு. இப்பவாவது விடுங்க."

"விருந்துக்கு இலை போட்டாயிற்றாம். அது முடியட்டும்."

விருந்து முடிந்தது. வெற்றிலை முடிந்தது. தன் புகழைத் தானே கேட்டு மகிழ்ந்ததும் முடிந்தது. வெயில் சாயத்தான் பல்லக்கு திரும்பியது. ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் ஒரு மணல்திட்டு.

"காற்று நன்றாக இருக்கிறது. இங்கே கொஞ்சம் நில்லுங்கள்," என்றான் தலைவன்.

காற்று வாங்கினான் பாவி. அங்கே ஒரு குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறையாகக் குன்றன் கேட்டான். "சாமி, எம் மக செத்துருவா."

"பிள்ளைதானே? போனால் இன்னொன்று பெற்றுக்கொள்."

குன்றன் தோளிலிருந்த தண்டை இறக்கினான். மற்ற மூவரும் பிள்ளை பெற்றவர்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள். அவர்களும் இறக்கினார்கள். பல்லக்கு மணலில் உட்கார்ந்தது. வருவது வரட்டும் என்று நாலு பேரும் கரையேறி ஓடினார்கள்.

தலைவன் இறங்கி நடந்திருக்கலாம், முழங்கால் தண்ணீர்தானே. நடக்கவில்லை. பாதம் மண்ணில் படக்கூடாதாம். யாராவது வந்து தூக்குவார்கள் என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேற்கே மலையில் கொட்டிய மழை யாருக்கும் தெரியாது. செந்நிறத் தண்ணீர் சரசரவென்று ஏறி வந்து திட்டைச் சூழ்ந்தது.

"முன்வலமே! பின்வலமே!" என்று அலறினான்.

கரையில் ஆளுயர நாணலுக்குள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டது. தலைவனின் குரல் கேட்டால் குடிகள் முதுகைக் காட்டித் தலை குனிந்து நிற்க வேண்டும். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் மட்டுமே நிமிரலாம். அது அவனே போட்ட சட்டம். அத்தனை பேரும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக் குனிந்தார்கள்.

"ஐயா கத்துற மாதிரி இருக்கே," என்றான் ஒருவன்.

"பல்லக்கு ஆளுங்களை விரட்டுறாரு, எப்பவும் போல. தலையைத் தூக்காதே. போன மாசம் நிமிர்ந்து பார்த்தவன் முதுகு இன்னும் ஆறல," என்றான் பக்கத்தில் நின்றவன்.

யாராவது ஒருவனின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவன் நிமிர்ந்திருப்பான், வெள்ளத்தைப் பார்த்திருப்பான், நீந்திப் போய் இழுத்து வந்தும் இருப்பான். அவர்கள் அப்படிப்பட்ட மனிதர்கள்தான். வயிரமேகன் யோசித்தான், யோசித்தான். தன் குதிரைகளின் பெயர் நினைவுக்கு வந்தது. நாய்களின் பெயர் வந்தது. தன்னை வாழ்நாளெல்லாம் சுமந்த மனிதர்களில் ஒருவன் பெயரும் வரவில்லை.

குரல் நின்றது. தலைவர் போய்விட்டார் என்று நினைத்து அவர்கள் மறுபடி அரிவாளை எடுத்தார்கள். அவனுக்காகக் கண்ணீர் விடச் சொல்லாதீர்கள், என்னிடம் இல்லை.

எயினி பிழைத்தாள். விடியலிலேயே கொண்டுவந்திருந்தால் காலும் பிழைத்திருக்கும் என்றார் வைத்தியர். ஒரு கோவில் மாலைக்கும் ஒரு விருந்துச் சாப்பாட்டுக்கும் அந்தக் குழந்தை கொடுத்த விலை அது. ஆயுள் முழுக்க அவள் கோல் ஊன்றித்தான் நடந்தாள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, தன்னைச் சுமக்கிறவனை மனிதனாக மதித்து அவன் பெயரைக்கூடக் கேட்காதவனுக்கு, ஆபத்து வரும்போது கூப்பிட ஒருவரும் இருக்கமாட்டார்கள்.